கொஞ்சம் நவண்டுக்கோங்க

ஐந்து பேர் உட்காரும் சின்னக் காருக்குள் ஒரு தெருவே உட்கார்ந்து போன கதையை எங்கள் பக்கத்தில் சொல்லும்போது, எப்படி உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. யார் நவண்டார்கள், யார் நவளவில்லை என்றுதான் கேட்பார்கள். நகர்ந்து என்று நீங்கள் எழுதுவதைத்தான் நாங்கள் நவண்டு என்கிறோம். பஸ்ஸானாலும் பந்தியானாலும் துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டுப் பந்தலானாலும், இடம் என்பது பக்கத்தில் இருப்பவர் நவண்டால் உண்டாவது, நவளாவிட்டால் இல்லாதது. இது கோவில்பட்டியில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தமயந்தி நல்லமுத்தன்பட்டி துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார நர்ஸ். அவள் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால், நவண்டாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பிறந்த வீட்டில் ஒரே பாயில் படுத்த பிள்ளைகளில் அவள் நடுப்பிள்ளை, ஆகவே மூத்ததுக்கும் நவண்டாள், இளையதுக்கும் நவண்டாள். வாக்கப்பட்டு வந்த வீட்டில் மாமியாருக்கு நவண்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்த நாத்தனார் செல்வராணிக்கு நவண்டாள். அந்தச் செல்வராணி கைக்குழந்தையோடு பக்கத்துத் தெருவிலேயே குடிவந்து, நினைத்த நேரமெல்லாம் வந்து கட்டிலில் சாய்ந்தபோதும் நவண்டாள். தினமும் போய்வந்த டவுன் பஸ்ஸில் தடுப்பூசிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஏதோ ஒரு நாள் தப்பித்தவறி இடம் கிடைத்து உட்கார்ந்தால், அடுத்த நிறுத்தத்தில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறுவாள், அவள் தமயந்தியே ஊசி போட்டு மாத்திரை கொடுத்து மாதக்கணக்குச் சொல்லி அனுப்பிய பெண்ணாக இருப்பாள், அவளை நிற்கவைத்துவிட்டு எப்படி உட்கார்வது.

அதனால் அவளுக்கு ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. யாரும் வந்து நவண்டுக்கோ என்று சொல்ல முடியாத ஒரு இருக்கை வேண்டும், அதில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அதிலும் குறிப்பாக ஒரு நாள் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு மரியாதை உண்டு. கூட்டம் போட்டு, பேசி, சால்வை போர்த்தி, மாலையும் கழுத்துமாக வண்டியில் ஏற்றி, முன் இருக்கையில் உட்காரவைத்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போவார்கள். தமயந்தி எத்தனையோ டாக்டர்களை, கிளார்க்குகளை அப்படி ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவள். தன் முறைக்குச் சொந்த வண்டி நிற்க வேண்டும் என்று நினைத்து, ஓய்வுக்கு முந்தின வருஷமே பி.எஃப். பணத்தில் முன்பணம் கேட்டு எழுதிப் போட்டாள்.

கார் வாங்கப் போகிறோம் என்றதும் அவள் வீட்டுக்காரர் தவசிலிங்கத்துக்கு வயது குறைந்துவிட்டது. அவர் மெயின் ரோட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் அவர் தேங்காய்கூட வாங்கியதில்லை. பெண் பார்க்கப் போனபோதும் ஒரே நாளில் காலையில் சாத்தூரில் ஒரு பெண்ணையும் சாயங்காலம் தமயந்தியையும் பார்த்தவர் அவர், சாத்தூர்க்காரி அழகு கூடுதல், இவளுக்குச் சர்க்கார் சம்பளம், கடைசியில் மைலேஜ் பார்த்துத்தான் கட்டினான் என்று கல்யாணப் பந்தலிலேயே அவர் கூட்டாளிகள் சொல்லிச் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள்.

பைபாஸ் ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு ஷோரூம், எதிர்ப்பக்கம் ஒரு ஷோரூம். இந்தப் பக்கத்துக் கார் வெள்ளை, அந்தப் பக்கத்துக் கார் செங்காவி நிறம். இரண்டும் ஒரே உயரம், ஒரே நீளம், கிட்டத்தட்ட ஒரே விலை. தவசிலிங்கம் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு, வெள்ளையின் டிக்கியில் எத்தனை சிப்பம் அடங்கும், மற்றதின் டிக்கியில் எத்தனை அடங்கும், ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் எதன் வயிறு தட்டும், எதற்கு மதுரைக்குப் போகாமல் சாமான் கிடைக்கும், விற்கப் போனால் எதற்கு மதிப்பு இருக்கும் என்று அலைந்தார். தெருவும் சும்மா இருக்கவில்லை. ஆள் ஆளுக்கு இரண்டு ஷோரூமுக்கும் போய், விரலை மடக்கித் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தும் சத்தம் கேட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். கரிசல்காட்டு மாட்டுக்குப் பெயர் வைக்கிற மாதிரி செங்காவிக் காருக்குச் செவலை என்று பெயர் விழுந்தது. வெள்ளைக் காரை வெள்ளைக்காரன் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் ஓட்டிப் பார்ப்பதற்காக வாசலுக்கு வந்தன. முதலில் வெள்ளைக்காரன். அதைக் கொண்டுவந்த ஷோரூம் பையன் ஜெபராஜ், சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத சாது. தவசிலிங்கம் ஓட்ட, தமயந்தி முன்னால் உட்கார, பின்னால் செல்வராணியும் அவள் புருஷனும் ஜெபராஜும் உட்கார்ந்தார்கள். மாடி வீட்டுக் கிருஷ்ணவேணி நானும் வாரேன் என்று ஒரு தொடையை உள்ளே வைத்தாள், மறு தொடைக்கு இடமில்லை, கதவும் சாத்தவில்லை. ஐந்து பேருக்குத்தான் என்று ஜெபராஜ் பணிவாகச் சொல்ல, அவள் இறங்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நகர்ந்தது. தமயந்தி தன் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மேடு கட்டி, நடுவில் ஒரே ஒரு ஆளுக்கென்று செய்திருந்தார்கள். இடது பக்கம் கதவு, வலது பக்கம் கியர். பெல்ட்டை இழுத்து மாட்டியதும் அது அவளை அதே இடத்தில் வைத்துக் கட்டிவிட்டது. இதில் நவள வேண்டும் என்று நினைத்தாலும் நவள முடியாது. எட்டயபுரம் ரோடு வரைக்கும் போய்த் திரும்பும்வரை அவள் முதுகைச் சாய்த்தே இருந்தாள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது செவலை. எனக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சொல்லிச் செல்வராணி முன்னால் ஏறிக்கொண்டாள். வெள்ளைக்காரனில் பின்னால்தானே வந்தாய், வரவில்லையே என்று தமயந்தி கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பின்னால் செல்வராணி புருஷனும் செவலையைக் கொண்டுவந்த ஷோரூம்காரனும் உட்கார்ந்து, தமயந்தியும் ஏறியதும் இடம் முடிந்தது. வெளியே கிருஷ்ணவேணி அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஷோரூம்காரன் இறங்கி நின்று, உள்ளே பார்த்து, கொஞ்சம் நவண்டுக்கோங்க என்று சொல்லிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது தமயந்தி, பஸ்ஸில் காலமெல்லாம் சொன்ன பழக்கத்தில், "ஏறுங்க, கொஞ்சம் நவண்டுக்குவோம்" என்று உள்ளிருந்து சொல்லி, ஒரு சாண் நவண்டாள். சீட்டும் ஒரு சாண் நவண்டது.

கிருஷ்ணவேணி உட்கார்ந்தாள். இறங்கின ஷோரூம்காரனும் உட்கார்ந்தான். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க, கிருஷ்ணவேணி நவண்டுக்கோங்க என்றாள், அவரும் உட்கார்ந்தார். சீட்டு ஒரு நீளத்துக்கு மேல் நீள முடியாமல் பின்னால் இன்னொரு வரிசையாக மடங்கி முளைத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. தெருவில் ஏறலாம் என்று நினைத்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள், கதவு எப்போதும்போலச் சாத்தியது, வெளியிலிருந்து பார்த்தால் வண்டி அதே சின்ன வண்டியாகத்தான் வாசலில் நின்றது. தவசிலிங்கம் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, ஷோரூம்காரனைக் கூப்பிட்டு முதல் கேள்வி கேட்டார். "இத்தனை பேர் ஏறுனா மைலேஜ் குறையுமா தம்பி?"

ஆறாவது வரிசையிலிருந்து குறையாது சார் என்று பதில் வந்தது. டாப் மாடலில் மட்டும் இப்படி வரும் என்றும் அவன் சொன்னான். மனமிருந்தால் புளிய இலையில்கூட இரண்டு பேர் படுக்கலாம் என்று கிருஷ்ணவேணி சொல்ல, எல்லோரும் ஆமா என்றார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

வீட்டில் அன்று சாயங்காலம் பேச்சு நடந்தது. பேச்சு என்ன பேச்சு, தீர்ப்பு. ஒரே விலைக்கு ஒன்றில் ஐந்து பேர் போகலாம், இன்னொன்றில் ஐநூறு பேர் போகலாம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார் தவசிலிங்கம். குலசாமி கோயிலுக்குத் தனி வேன் பிடிக்க வேண்டாம் என்றாள் செல்வராணி. தமயந்தி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, தனக்கு வெள்ளைதான் பிடித்திருக்கிறது என்றாள். ஏன் என்று கேட்டார்கள். அதில் இடம் இல்லை, அதனால்தான் என்று சொன்னால் யாருக்குப் புரியும். அவள் டம்ளர்களோடு அடுப்படிக்குப் போனாள்.

மனைவியின் முகம் வாடியதைத் தவசிலிங்கமும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். அடுப்படிக்கே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உனக்கு என்ன, முன் சீட்டுதான வேணும்? செவலையிலயும் முன் சீட்டு இருக்குல்ல. அது உனக்கு. பின்னால ஊரே ஏறட்டும், முன்னால உன்னத் தவிர எவனும் உக்கார மாட்டான்."

"செல்வராணி?"

"அவளுந்தான் உக்கார மாட்டா. நம்ம பிள்ளை இல்லாத வீட்டுல, உன் மேல சத்தியமாச் சொல்லுதேன்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் சத்தியம் செய்ய வேண்டி வந்தால் அவர் அவள் மேல்தான் செய்வார், அதுவரை ஒன்றும் பொய்த்தது கிடையாது. தமயந்தி செவலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். வண்டி அவள் பெயரில் பதிவானது.

எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வாசலில் பூசை போட்ட அன்றைக்கே செல்வராணி முன் சீட்டில் இருந்தாள். வாந்தி வந்துவிட்டால் புது வண்டி நாறிப்போகும், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மதினி என்றாள். தவசிலிங்கம் தமயந்தியைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று தமயந்தி இரண்டாம் வரிசைக்குப் போனாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சொன்னவன் சும்மா சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செவலை நம்ம வண்டி ஆனது, அதாவது தெரு வண்டி. கல்யாணத்துக்குப் போனது, காதுகுத்துக்குப் போனது, துஷ்டிக்குப் போனது, குலசாமி கோயில் மாசிக்களரிக்குப் பானையும் கிடாயும் விறகுமாகப் போனது. முன்வரிசை பள்ளத்தில் இறங்கினால் அந்தக் குலுக்கல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர டீ ஆறும் நேரம் ஆகும், அதற்குள் பின்னால் உள்ளவர்கள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். டீ எங்கிருந்து வந்தது என்றால், நடுவரிசைகளில் ஒருவர் ஸ்டவ்வோடு ஏறிக் கடை போட்டிருந்தார். எட்டாம் வரிசை சீட்டாட்டம், பத்தாம் வரிசை கட்சிப் பேச்சு, அதற்கும் பின்னால் போனால் தறி விலையும் தீப்பெட்டி விலையும் பேசுகிறவர்கள். பதினோராம் வரிசைப் பெண்ணைப் பதினான்காம் வரிசைக் குடும்பம் பார்த்துப் பிடித்துப்போய், திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள் உப்புத்தாம்பாளம் மாற்றி நிச்சயம் செய்துவிட்டார்கள். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் உள்ளே குனிந்து எண்ணிப் பார்த்து, எண்ணுவதை விட்டுவிட்டு, கயத்தாறு வழியாகப் போகுமா என்று கேட்டு ஏறிக்கொண்டார். மைலேஜ் மட்டும் சொன்ன மாதிரியே குறையவில்லை. தெருவுக்கு அதிசயமாகப் பட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நவண்டால் வருகிற இடம்.

கோடை வந்ததும் இன்னொரு வழக்கமும் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தவசிலிங்கம் வாசலில் நிற்கும் செவலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஏழாம் வரிசையில் படுத்துத் தூங்கினார். அவருக்குத் துணையாகச் செல்வராணியும் அவள் புருஷனும் வந்தார்கள், அவர்களுக்குத் துணையாகத் தெரு வந்தது. வெயில் தாழ்ந்து எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள்.

வண்டிக்குள் அந்த வார்த்தையை அதிகம் சொன்னது தமயந்திதான். ரோட்டோரத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி வெயிலில் நின்றால், நிறுத்தச் சொல்லி, நவண்டுக்கோங்க என்று சொல்லி, தானே முதலில் நவளுவாள். அப்படி நவண்டு நவண்டு இரண்டாம் வரிசையிலிருந்து நான்காம் வரிசைக்குப் போனாள், பிறகு ஒன்பதாம் வரிசைக்கு, பிறகு கிடாய்களும் பானைகளும் இருக்கும் கடைசி வரிசைக்கு. அங்கிருந்து பார்த்தால் புருஷனின் பின்னந்தலை கடுகளவு தெரியும். அதற்குப் பக்கத்தில் செல்வராணியின் கொண்டை. ஒரு தடவை முன் சீட்டு என்று வாயைத் திறந்தாள். அவளுக்கு வாந்தி வருமே, உனக்கு வராதுல்ல என்றார் தவசிலிங்கம். வாந்தி வராதது தன் குற்றம் என்பதுபோல அவளும் கடைசி வரிசைக்கே போய் உட்கார்ந்தாள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்: ரிட்டயர் ஆகிற அன்றைக்கு, மாலையோடு வரும்போது, முன் சீட்டு. அன்னிக்கு உன் நாளுல்லா, அதைச் சொல்லணுமா என்றார் அவர்.

அந்த நாள் வந்தது. நல்லமுத்தன்பட்டியில் பந்தல் போட்டிருந்தார்கள். செவலையில் தெருவே வந்து இறங்கியது. அவள் தொப்புள்கொடி அறுத்த பிள்ளைகள் மீசையோடு வந்திருந்தார்கள், அவள் மாதக்கணக்குச் சொன்ன பெண்கள் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். டாக்டரம்மா பேசினார், பஞ்சாயத்துத் தலைவர் பேசினார், தன்னலம் கருதாத என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய சாமி படம் ஒன்று பரிசு. சம்மங்கி மாலை முழங்கால்வரை தொங்கியது. தமயந்தி சிரித்தபடி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, தான் வேலை பார்த்த அறையை ஒரு முறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, சாவியைப் புது நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்கு ஆன நேரம் கொஞ்சந்தான். அதற்குள் எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டிருந்தார்கள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். முன் சீட்டில் செல்வராணி, மடியில் அந்தச் சாமி படம். பின்னால் வரிசை வரிசையாகத் தெரு, தெருவுக்குப் பின்னால் பாதி நல்லமுத்தன்பட்டி, வழியில் இறங்கிக்கொள்கிறோம் என்று அவர்களும் ஏறியிருந்தார்கள். தமயந்தி முன் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். செல்வராணி நேராக ரோட்டைப் பார்த்தாள். தமயந்தி பின் கதவுக்குப் போய் நின்றாள். ஒரு வார்த்தை போதும். உள்ளே இருக்கிற ஒரே ஒரு ஆள், கிருஷ்ணவேணி, டீக்காரர், சீட்டாடுகிறவர்கள், பதினோராம் வரிசைப் பெண், யாராவது ஒருவர் சொன்னால் போதும். வெளியில் நின்று அவள் சொல்லிப் பயனில்லை, உள்ளிருந்து சொன்னால்தான் சீட்டு நவளும், அது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்குள் எல்லோருடைய முகமும் தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் கையசைத்தார்கள். இவர் சொல்வார் என்று அவர் இருந்தார், அவர் சொல்வார் என்று இவர் இருந்தார்.

தவசிலிங்கம் கண்ணாடியை இறக்கினார்.

"படம் கண்ணாடிப் படமா இருக்கு, இறக்கி ஏத்துனா உடஞ்சிரும். நேரம் வேற ஆச்சு. நீ பழகுன ஆளுதானே தமயந்தி, பின்னாலயே பஸ்ஸு வருது, அதுல வந்துரு."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை ஏற்றினார். செவலை கிளம்பிப் போனது. கடைசி வரிசை கண்ணிலிருந்து மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், அங்கிருந்தும் ஒருவர் கையசைத்தார்.

வலித்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு வலியைப் பற்றி விளக்கிச் சொன்னவள், இது எந்த இடத்தில் வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்ல முடியாமல் நின்றாள். பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று அவமானமாக இருந்தது. பஸ் வந்தது, கூட்டமாக வந்தது. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தால் கம்பியைப் பிடிக்க முடியாது, ஆகவே அது கழுத்திலேயே கிடந்து, நெருக்கத்தில் நசுங்கியது. மாலை போட்ட பெண்ணைப் பார்த்துக் கண்டக்டர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆரத்தி கொட்டியிருந்தது. கரைத்து வைத்ததை எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது என்று படத்தோடு இறங்கிய செல்வராணிக்கே எடுத்து முடித்திருந்தார்கள். உள்ளே கேசரி வாசனை, சிரிப்புச் சத்தம். கூடத்தில் காலடி வைக்க இடமில்லை. அவளைப் பார்த்ததும் செல்வராணி, "மதினி வந்துட்டாக, நவண்டு உக்காருங்க" என்றாள். எல்லோரும் நவண்டார்கள். தமயந்தி உட்காரவில்லை.

மறுநாள் காப்பி கொடுக்கும்போது அவள் புருஷனிடம் கேட்டாள்.

"ஒருத்தருக்குக்கூடவா வாய் வரல?"

"நான் சொல்லலாம்னுதான் பாத்தேன். ஓட்டுறவன் எப்படி நவள முடியும், சொல்லு."

"முன் சீட்டுல எவரும் உக்கார மாட்டாகன்னு என் மேல சத்தியம் பண்ணுனீக."

"அட, ஒரு சீட்டுக்குப் போயி," என்றார் தவசிலிங்கம். காப்பி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சாத்தூர்ப் பெண்ணையும் தன்னையும் அன்றைக்கு அவர் எதை வைத்துத் தட்டிப் பார்த்தார் என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கு வெட்கமாக இருந்தது. அவள் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, வெள்ளைக்காரன் ஷோரூமுக்குப் போன் போட்டு ஜெபராஜைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெபராஜ் வந்தான். சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்தது, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் ஓட்டி வந்த வெள்ளைக் கார் வாசலில் நின்றது, பக்கத்தில் செவலை, மத்தியான வழக்கப்படி, ஏசி ஓட உறுமிக்கொண்டு நின்றது. பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுக்க ஒரு வழி இருக்கிறது, வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் சார் கையெழுத்துத் தேவையில்லை என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான். இருந்தும் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று தயங்கினான். சார் தூங்குகிறார் என்றாள் தமயந்தி. அது பொய்யில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஜெபராஜ் செவலையைச் சுற்றி வந்து தகரத்தைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், முன் சீட்டையும் பின் சீட்டையும் பார்த்தான், ஐந்து பேர் வண்டிக்கு அதற்கு மேல் பார்க்க அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வண்டி இன்று சாயங்காலமே லாரியில் ஏறி ஓசூருக்குப் போகிறது, அங்கே வாங்க ஆள் காத்திருக்கிறார் என்றான். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைப் பிடித்தபடி, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டான்.

"உள்ள உங்க சாமான் ஏதும் இருக்கா மேடம்? இருந்தா இப்பவே எடுத்துருங்க, அப்புறம் கேட்டா கிடைக்காது."

உள்ளே, ரொம்பத் தள்ளி, யாரோ தூக்கத்தில் இருமினார்கள். அந்த இருமலைத் தமயந்திக்கு நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் அதற்கு அவள் வெந்நீரும் மிளகும் கொடுத்திருக்கிறாள். ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும், எழுந்து வந்துவிடுவார்கள். அவள் வெள்ளைக் காரின் முன் கதவைத் திறந்து, ஏறி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"எஞ்சாமான் ஒண்ணும் இல்லப்பா," என்றாள்.